டெப்போ ஊசி: தயக்கத்துக்குப் பின்னால்

அன்புள்ள அக்கா,

அட்லாண்டாவில் நர்ஸிங் படிக்கிறேன். பயிற்சிக்குப் போகும் கிளினிக்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை வீட்டிலேயே தானாகப் போட்டுக்கொள்ளக் கற்றுத்தருகிறோம். வேலைக்கு லீவு போட வேண்டாம், பஸ் பிடித்து வர வேண்டாம். கறுப்பினப் பெண்களில் சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். வேறு சிலர் அந்த ஊசியின் பெயரை, "டெப்போ" என்றதுமே வேண்டாம் என்று விடுகிறார்கள். அவர்களுக்கு விவரம் போதாது என்கிறாள் உடன் படிக்கும் தோழி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விவரம் தெரிந்ததால்தான் அவர்கள் தயங்குகிறார்கள். இந்த ஊசியின் கதையில் பெரும்பகுதி நீங்கள் இருக்கும் ஊரிலேயே நடந்தது. 1967 முதல் 1978 வரை கிரேடி மருத்துவமனையின் குடும்பநலக் கிளினிக்கில் ஏறத்தாழ 11,000 பெண்களுக்கு டெப்போ-புரோவெரா போட்டுச் சோதித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழைகள். கருத்தடைக்கென்று அமெரிக்கா அதை அனுமதித்ததோ 1992-இல்தான். உங்களிடம் வருகிறவர்களின் பாட்டியோ பெரியம்மாவோ அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடும்.

1973-இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் நடந்ததையும் உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள். ரெல்ஃப் குடும்பத்துச் சகோதரிகள் இருவர்; ஒருத்திக்கு 14 வயது, இன்னொருத்திக்கு 12. முதலில் அவர்களுக்கு இந்த ஊசியைத்தான் போட்டார்கள். பிறகு தாயிடம் ஒரு தாளை நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, வழக்கமான ஊசிக்குத்தான் என்று நம்பி ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். அது நிரந்தரக் கருத்தடை அறுவைக்கான சம்மதத் தாள். சிறுமிகளுக்கு அறுவையும் நடந்துவிட்டது. குடும்பம் வழக்குப் போட்டு நீதிமன்றம் போன பிறகுதான் சம்மதம் வாங்குவதற்கான மத்திய அரசு விதிகள் இறுகின.

அடுத்தது நார்பிளான்ட். மேல்கையில் தோலுக்கடியில் வைத்த ஆறு கருத்தடைக் குச்சிகள். 1990 டிசம்பரில் அனுமதி கிடைத்த சில நாட்களுக்குள், ஏழைக் கறுப்பினத் தாய்மாருக்கு இதை ஊக்கத்தொகையோடு கொடுக்கலாம் என்ற பொருளில் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்று தலையங்கம் எழுதியது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. வேண்டாம் என்று நினைத்தாலும் அந்தக் குச்சிகளைத் தானாக எடுக்க முடியவில்லை, மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசியை நான் வரவேற்பது இதனால்தான். இது தசையில் போடும் 150 மில்லிகிராம் ஊசி அல்ல. தோலுக்கடியில் போடும் 104 மில்லிகிராம். மருந்து நிரப்பிய சிரிஞ்சை ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, வயிற்றிலோ தொடையிலோ சதையைப் பிடித்து, ஐந்து முதல் ஏழு விநாடி மெதுவாக அழுத்த வேண்டும். அடுத்த தவணை வரும்போது போடுவதும் விடுவதும் அவள் பாடு. ஏன் நிறுத்தினாய் என்று கேட்க யாரும் இல்லை. கணவனுக்கோ காதலனுக்கோ தெரியாமலும் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு அதுவே பெரிய காரணம். மலாவியில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது: தானாகப் போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் ஓராண்டு தொடர்ந்தார்கள், சுகாதாரப் பணியாளரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம். ஆனால் மலாவிப் பெண்ணின் அனுபவத்தை அப்படியே அட்லாண்டாப் பெண்மேல் ஏற்றாதீர்கள். நிறம் ஒன்று, பட்ட பாடு வேறு.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க முடியாது. தலைவலியோ, மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் ரத்தப்போக்கோ வந்தால் அந்த மூன்று மாதத்தையும் அவள்தான் தாங்க வேண்டும். கடைசி ஊசிக்குப் பின் கரு தரிக்கப் பத்து மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். எலும்பு அடர்த்தி குறையும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கை 2004 முதல் பெட்டியிலேயே இருக்கிறது. இதையெல்லாம் அவள் கேட்கும் முன்பே நீங்கள் சொன்னால், உங்களை நம்ப அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

2021-இல் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி இந்த முறையைப் பரிந்துரைத்தபோதும், கூடுதலான ஒரு வழி என்றுதான் சொன்னது. கிளினிக் ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கச் சொல்லவில்லை. நர்ஸ் கையாலேயே போட்டுக்கொள்ள விரும்புகிறவளுக்கு அதுவும் கிடைக்க வேண்டும். ஆணுறையோ மாத்திரையோ கேட்கிறவளிடமும், ஒன்றுமே வேண்டாம் என்கிறவளிடமும் அதே நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். உங்கள் கிளினிக்கில் எத்தனை பேர் ஊசிக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று மாதாமாதம் கணக்குப் பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள் என்றால், வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணங்களையும் அதே தாளில் எழுதி வைக்கும்படி உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுப்பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா