"எத்தனை பேர் வருகிறார்கள்" என்று கேட்டார்கள், அக்கா

கேள்வி: அக்கா, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறோம். எங்கள் பெற்றோர் வேலை செய்த தோட்டம் கைமாறிய பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள்தான் பாதிப் பேர். ஒன்பது வருடமாக ஒரு கலைக்குழு நடத்துகிறோம், நான் செயலாளர். வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு உறுமி மேளமும் கோலாட்டமும் சொல்லிக் கொடுக்கிறோம். பொங்கலுக்கு ஒரு கலை இரவு. சங்கமாகப் பதிவும் செய்திருக்கிறோம். போன மாதம் மானியம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். "எத்தனை பேர் பயன் அடைகிறார்கள்? போன வருடம் எத்தனை? விவரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என் கைப்பேசியில் படங்கள் மட்டும்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். எங்கள் வாத்தியாரோ, "கலைக்கு ஏதம்மா கணக்கு? எண்ணினால் அதன் மதிப்பே போய்விடும்" என்கிறார். எண்ணத்தான் வேண்டுமா? எங்கே தொடங்குவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

எண்ணத்தான் வேண்டும். ஆனால் வாத்தியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் பயம் நியாயமானது. அவரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள்.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். விடியுமுன் ஆள் கூட்டும் பெரட்டில் தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். அம்மா குரல் கொடுத்த பிறகுதான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவருக்கு அன்றைய நாள் விழும். ரப்பர் பால் நிறுக்கும் இடத்திலும் அப்படித்தான், வாளி தராசில் ஏறியதும் எண் புத்தகத்தில் ஏறிவிடும். அதே அம்மா ராத்திரி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் கும்மிக்கு அடியெடுத்துக் கொடுப்பார். சுற்றி நிற்கும் இருபது பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். அதை ஒருவரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ரப்பர் போய் செம்பனை வந்தபோது எத்தனை ஏக்கர், எத்தனை தொழிலாளி என்பதற்கெல்லாம் காகிதம் இருந்தது. எங்கள் லயத்தோடு எத்தனை பாட்டுகள் போயின என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. எனக்கு இன்றும் அது ஆறாத வருத்தம். நம்மை உழைப்புக்காக எண்ணியவர்கள் உண்டு. நம் கலையை நாம்தான் எண்ணி வைக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியிருப்பீர்கள். அந்த ஒன்பது வருட நகல்களைத் தேடி எடுங்கள். வரவு செலவு, பொறுப்பாளர் விவரமெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் கூடாரக் கடை ரசீது, நாற்காலி வாடகை, சாப்பாட்டுக்குக் கொடுத்த பணம், பழைய அழைப்பிதழ், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கிடக்கும் செய்திகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போன மூன்று வருடத்தையாவது ஓரளவு மீட்டுவிடலாம். ரசீதில் 200 நாற்காலி என்று இருந்தால் "200 நாற்காலி" என்றே எழுதுங்கள், "200 பேர்" என்று எழுதாதீர்கள்.

இனி புதுக் கணக்கு. ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் தேதி, வந்த பிள்ளைகளின் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம். இவ்வளவு போதும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: ஆள் கணக்கு வேறு, வருகைக் கணக்கு வேறு. 22 பிள்ளைகள் வருடத்துக்கு 80 பயிற்சிக்கு ஒன்றும் விடாமல் வந்தால் வருகை 1,760. பயன் பெற்ற பிள்ளைகள் அப்போதும் 22 பேர்தான். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பெரிய எண்ணை ஆள் கணக்கு என்று காட்டினால், அதிகாரி ஒரு கேள்வி கேட்டதுமே உங்கள் முழு விண்ணப்பமும் சாய்ந்துவிடும். நான் ஒரு முறை "சுமார் 500 பேர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மண்டபத்தில் 180 நாற்காலிதான் போட முடியும் என்று எதிரே இருந்தவர் சொன்னபோது பதில் இல்லாமல் நின்றவள்.

வாத்தியார் சம்பளம் வாங்குவதில்லை என்று நினைக்கிறேன். அந்த உழைப்பையும் எழுதுங்கள். ஒரு பயிற்சிக்கு மூன்று மணி நேரம் என்றால் 80 பயிற்சிக்கு 240 மணி நேரம். 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, மணிக்கு 8 வெள்ளி 17 சென். அந்தக் கணக்கில் பார்த்தாலே அவர் உங்கள் தாமானுக்கு வருடம் 1,960 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறார். அவர் கலைக்கு அது விலை ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் "இந்தச் சங்கம் என்ன போடுகிறது?" என்று கேட்கும் பாரத்தில் இத்தனை வருடம் பூஜ்யம் விழுந்த கட்டத்தில் உண்மையான ஒரு எண் விழட்டும்.

பொங்கல் கலை இரவுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. வாசலில் பன்னீர், சந்தனம் வைக்கும் தட்டில் கற்கண்டுக்குப் பதில் காகிதம் சுற்றிய மிட்டாய் வையுங்கள். நூறு நூறாக எண்ணி நான்கு பை. உள்ளே வருகிறவருக்கு ஆளுக்கு ஒன்று. கொடுப்பதற்குக் கறாரான ஒரு பெரியம்மாவை உட்கார வையுங்கள். முடிந்ததும் மிச்சத்தை எண்ணிக் கழித்தால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பார்க்கிறவர்களைப் பாதி நிகழ்ச்சியில் ஒரு பையன் போய் எண்ணி வரட்டும். பக்கத்து வீட்டு மலாய், சீனக் குடும்பங்கள் வந்தால் அதையும் தவறாமல் குறியுங்கள்.

அன்றைக்கே நாற்பது, ஐம்பது பேரிடம் அரைத்தாளில் மூன்று கேள்வி, தமிழிலும் மலாயிலும்: எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேராக வந்தீர்கள், இன்று இதற்காக என்ன செலவு செய்தீர்கள். ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் வந்தவர்கள் பெட்ரோல் போட்டிருப்பார்கள், முறுக்கு வாங்கியிருப்பார்கள், பெண்கள் பூ வாங்கியிருப்பார்கள். அமெரிக்காவில் அமெரிக்கன்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு இதே மாதிரி பார்வையாளர்களிடம் கேட்டு, 2022இல் ஒருவர் நுழைவுக் கட்டணம் போக சராசரி 38.46 டாலர் செலவழித்தார் என்று கண்டது. லாப நோக்கமற்ற கலை அமைப்புகளும் பார்வையாளர்களுமாகச் சேர்ந்து அங்கே 151.7 பில்லியன் டாலர் பொருளாதார நடமாட்டம் என்பதைக் காட்டித்தான் அவர்கள் நகர மன்றங்களிடம் வாதாடுகிறார்கள். அந்த எண்ணை நம் ஊருக்குக் கொண்டு வராதீர்கள். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் அங்கிருந்து படிக்கலாம். 2004இல் பென்சில்வேனியாவில், கலை அமைப்புகள் தங்கள் விவரத்தை ஒரே பாரத்தில் ஒரு முறை நிரப்பி, பல நிதியாளர்களுக்கும் அதையே கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நீங்களும் வருட முடிவில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால், எந்த மானியப் பாரம் வந்தாலும் பதற வேண்டாம்.

பிள்ளைகளின் மைகிட் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எதையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். படம் வெளியே போகும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

புள்ளிவிவரத் துறையின் கவாசான்கு இணையத் தளத்தில் உங்கள் பக்கத்து லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதிகளின் மக்கள்தொகை, வயது, வருமான விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்தத் தொகுதியின் இளையோர் எண்ணிக்கையை வைத்தால், இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் தேவை என்பது பார்க்கிறவருக்கே புரியும்.

கூட்டரசு வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. அதனால் ஜூன், ஜூலையிலேயே போய்ப் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினரையோ அவருடைய அதிகாரியையோ கலை இரவுக்கு அழைப்பதைவிடப் பயிற்சிக்கு அழையுங்கள் என்பேன். விழாவுக்கு வந்தால் மாலை, பொன்னாடை, உரை என்று நேரம் போய்விடும். பயிற்சிக்கு வந்தால், எட்டு வயதுப் பிள்ளை வளைந்த குச்சியை உறுமித் தோலில் இழுத்து இழுத்துப் பார்த்து, பத்தாவது தடவை அந்த உறுமல் எழும்பும்போது நிமிர்ந்து வாத்தியாரைப் பார்க்கிற பார்வையை அவரே பார்ப்பார். அப்போது அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுங்கள்.

இந்த வாரப் பயிற்சியிலேயே நோட்டைத் திறந்துவிடுங்கள், தங்கை. முதல் பக்கத்தில் முதல் பெயராக வாத்தியாரின் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் நிரம்பியதும் எனக்கு மறுபடி எழுதுங்கள், விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா