கோயில் நிலத்துத் தோட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தற்சார்பு பற்றியும் நிலைத்து நிற்கும் ஊர்ச் சமூகங்கள் பற்றியும் நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் கோயிலுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த நிலத்தை இளைஞர்களோடு சேர்ந்து திருத்தி, கத்தரி, வெண்டை, பீர்க்கு, முருங்கை என்று பயிரிட்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். இப்போது வருவது நான்கு பேர், நால்வரும் அறுபதைக் கடந்தவர்கள். விளைந்த நேரத்தில் ஒரே வாரத்தில் எல்லாம் விளைந்தது, வாங்க ஆளில்லாமல் பாதி அழுகியது. அரிசியும் மாவும் பருப்பும் கப்பலில் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற இந்தத் தீவில் நிலைத்த சமூகம் என்று பேசுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குதானா? அல்லது நம் மக்களுக்குப் பொறுப்புணர்வே இல்லையா?

க.
ரோஸ் ஹில்

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் மக்களுக்குப் பொறுப்புணர்வு இல்லை என்பதை என்னால் ஏற்க இயலாது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் தென்கிழக்குக் கரையில் புவான்ட் தெஸ்னிக்கு அருகே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் அதிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்து மாயேபூர்க் கரையை நோக்கிப் பரவியபோது, அதைத் தடுக்க மிதவைகள் செய்யத் திரண்டவர்களில் பெரும்பாலோர் இத்தகைய வேலையை முன்பின் அறியாதவர்கள். துணியை நீண்ட உறைகளாகத் தைத்து, வயல்களிலிருந்து வந்து குவிந்த காய்ந்த கரும்புச் சோகையை அவற்றுக்குள் திணித்து, மிதப்பதற்காக வெற்று பிளாஸ்டிக் புட்டிகளை இடையிடையே கட்டினார்கள். அந்தக் கடலின் நீரோட்டத்தை அறிந்த மீனவர்கள் அவற்றைப் படகில் இழுத்துச் சென்று நிறுத்தினார்கள். பொதுமக்கள் விலகியிருக்க வேண்டும் என்று அரசு சொன்ன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

அந்த மக்களேதான் உங்கள் தோட்டத்தில் களை பறிக்க வராதவர்களும். எனவே கோளாறு மனிதர்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆபத்து வந்தால் ஊர் கூடிவிடும். ஆபத்து இல்லாத சாதாரண நாள்களிலும் கூட வேண்டுமென்றால், அந்த வேலையால் வரும் இழப்பை யார் தாங்குவது என்பதற்கு முன்கூட்டியே விடை சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாள் ஹோட்டலிலோ கடையிலோ நின்று உழைத்த ஓர் இளைஞனின் ஏழாவது நாளைக் கூலியின்றிக் கேட்டுவிட்டு, அவன் வராதபோது அக்கறையற்றவன் என்று சொல்வது நியாயமாகாது.

இதற்கு நல்ல விடை கண்டவர்கள் நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிகஸைச் சேர்ந்தவர்கள். வற்று நேரத்தில் லகூனுக்குள், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடலுக்குள், முழங்கால் நீரில் நடந்து, கல்லிடுக்குகளில் இரும்புக் கம்பியால் துழாவிக் கணவாய்க்கு உறவான எண்காலியைப் பிடிப்பது அங்கே பல தலைமுறைகளாகப் பெண்கள் செய்துவரும் தொழில். பிடிப்பவர்கள் பெருகி, சிறு குஞ்சுகளையும் விடாமல் பிடித்ததால் வரத்து குறைந்தது. 2012இல், ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இரண்டு மாதங்கள் லகூனில் எண்காலி பிடிப்பதை அடியோடு நிறுத்தினார்கள். அந்த இரண்டு மாதமும் அப்பெண்கள் பட்டினி கிடக்கவில்லை. கடற்கரையைத் துப்புரவு செய்வது போன்ற மாற்று வேலைகள் கொடுக்கப்பட்டு, அவற்றுக்குக் கூலியும் தரப்பட்டது. எண்காலி ஓராண்டு அளவே வாழ்ந்து மிக வேகமாக எடை கூடும் உயிர் என்பதால், தடை நீங்கிக் கடலில் இறங்கியவர்கள் முன்னைவிடப் பெரியவற்றைப் பிடித்தார்கள். பலன் கைக்கு வந்துவிட்டதால், பின்வந்த ஆண்டுகளிலும் அந்தத் தடையை நடைமுறைப்படுத்த முடிந்தது. 2002 முதல் தனக்கென்று ஒரு வட்டாரப் பேரவையைக் கொண்டு, தன் கரையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை அத்தீவுக்கு இருந்ததும் இதற்கு ஒரு முக்கியமான காரணம். பிளாஸ்டிக் பையையும் அவர்கள் 2014இலேயே தடைசெய்தார்கள். மொரிசியஸ் பெருந்தீவு 2016இல்தான் செய்தது.

இனி, இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கா என்ற கேள்வி. நாம் உண்பதில் முக்கால் பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. முழுத் தற்சார்பு இந்தத் தீவில் நடக்காது, அதை இலக்காக வைத்தால் மனம் சோர்வதைத் தவிர வேறு பயனில்லை. ஆனால் விலை ஏறும்போது முதலில் தட்டில் காய் குறைவது வசதியற்றவர்கள் வீட்டில்தான். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் நம்மைத் தாக்கியது, தைப்பூசம் அந்த மாதம் 25ஆம் தேதி. காவடி எடுப்பவர்கள் விரதம் இருந்து மரக்கறி மட்டும் உண்ணும் அதே பத்து நாள்களில் காய்கறித் தோட்டங்கள் நாசமாகிக் கிடந்தன. நிலமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் 2009க்குள் சர்க்கரைக்குக் கொடுத்த விலையை 36 விழுக்காடு குறைத்த பிறகு, எத்தனையோ சிறு விவசாயிகள் கரும்பைக் கைவிட்டார்கள். அந்தத் துண்டு நிலங்களில் பல இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றைச் சிலர் காய்கறிக்குத் திருப்பியிருக்கிறார்கள், ஆனால் நிலையாக வாங்குபவர் இல்லாததால் தயங்குபவர்களே அதிகம்.

உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் விதைத்த பிறகு வாங்குபவரைத் தேடினீர்கள். வாங்குபவர் உங்கள் கோயிலின் அடுக்களையிலேயே இருக்கிறார். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் ஒரு கோயிலுக்கு ஆண்டு முழுவதும் எந்த நாளில் எத்தனை கிலோ காய் வேண்டும் என்பது சமையல் பொறுப்பாளருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதை எழுதி வாங்குங்கள். நிர்வாகக் குழு சந்தை விலைக்கே தோட்டத்திடம் வாங்கட்டும், நன்கொடையாகக் கேட்கக் கூடாது. வரும் பணத்திலிருந்து அந்த நான்கு பெரியவர்களுக்கும் கூலி கொடுங்கள், அவர்கள் மறுத்தாலும் கொடுங்கள். ஏனென்றால் கூலி உள்ள வேலை என்று தெரிந்தால்தான் வேலையின்றி இருக்கும் இளைஞர்கள் தயக்கமின்றி வந்து கேட்பார்கள்.

நிலத்தின் ஒரு பகுதியைக் கிழங்குக்கு ஒதுக்குங்கள். மரவள்ளியை இங்கே ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் லா புர்தொனே 1730களில் கொண்டுவந்தார். புயலடித்தாலும் மண்ணுக்கடியில் உணவு மிஞ்சும். மரவள்ளியும் சேம்பும் சர்க்கரைவள்ளியும் தைப்பூசத்துப் பந்திக்கு உதவும், அறுவடைக்கு ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் பெரிதாகக் கெடாது. கத்தரியையும் வெண்டையையும் ஒரே நாளில் விதைக்காமல், மூன்று வார இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதையுங்கள். சமையல் பொறுப்பாளர் தரும் பட்டியலை எனக்கு அனுப்பினால், எந்த மாதத்தில் எதை எவ்வளவு விதைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்கிட்டு எழுதுகிறேன்.