வாசகர் கேள்வி பதில்: கரிசல் மண்ணில் செயற்கைப் புல்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 30 அடி அளவில் காலி இடம் இருக்கிறது. முழுவதும் கரிசல் மண். ஐப்பசி மழையில் நான்கு நாள் வரை தண்ணீர் தேங்கி நிற்கும். குழந்தைகள் விளையாடச் செயற்கைப் புல் விரிக்க விரும்புகிறோம். இரண்டு அங்குலம் எம்-சாண்ட் கொட்டி மட்டம் செய்தால் போதும், புல்லின் அடியில் ஓட்டைகள் இருப்பதால் தண்ணீர் தானே இறங்கிவிடும் என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வது சரியா?
– வாசகி ஒருவர், கோவில்பட்டி.

பதில்: புல்லின் முதுகில் ஓட்டைகள் இருப்பது உண்மைதான். அவற்றின் வழியாக இறங்கும் தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகும் என்பதைத்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கரிசலும் களிமண் வகைதான். நன்றாக நனைந்து ஊறிய களிமண் ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே விடும். அதன்மேல் எம்-சாண்ட் மட்டும் கொட்டினால், முதல் மழைக்காலத்திலேயே சேறு மணலுக்குள் ஏறி இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். பிறகு கால் வைக்கும் இடமெல்லாம் பள்ளம் விழும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். கோடையில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். வெடித்துக் கிடக்கும் கரிசல், விரிசல் வழியாக முதல் குடத் தண்ணீரை மளமளவென்று குடித்துவிடும். ஆகவே ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, மண் உப்பி விரிசல்கள் மூடிக்கொண்ட பிறகு மீண்டும் நிரப்பி, மறுநாள் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐப்பசியில் உங்கள் மண் எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டாவது அளவுதான் சொல்லும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 600 சதுர அடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மொட்டைமாடிக் குழாய்களும் அங்கேயே கொட்டினால் இது இரண்டு மூன்று மடங்காகும் என்பதால், அந்தக் குழாய்களை முதலில் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பல வீடுகளில் பாதிச் சிக்கல் இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும். அடுத்து, நான்கு அங்குலம் ஜல்லி போட்டால் அதன் இடுக்குகளில் சுமார் 2,000 லிட்டர் தங்கும். வெளியேற வழி வைக்காமல் ஜல்லியை மட்டும் நிரப்பினால், களிமண்ணில் ஒரு தொட்டி வெட்டி அதைக் கல்லால் மூடியது போலத்தான் ஆகும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்து நாற்றமெடுக்கும்.

எனவே வேலையைக் கடைசியிலிருந்து, அதாவது தண்ணீர் வெளியேறும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால், அது உங்கள் இடத்தின் தாழ்ந்த மூலையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) பிடித்துப் பார்த்துவிடுங்கள். வடிகால் இல்லையென்றால், கரிசலைத் தாண்டிச் சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) சரளையோ தட்டுப்படும் ஆழம் வரை உறை (சிமெண்ட் வளையம்) இறக்கி, அதில் தண்ணீரை விடலாம். களிமண்ணுக்குள்ளேயே நின்றுவிடும் மூன்றடிக் குழி பயன்படாது. செப்டிக் டேங்கிலோ கழிவுநீர்க் குழாயிலோ இணைத்துவிட வேண்டாம்.

வழி உறுதியான பிறகு, வீட்டுச் சுவரிலிருந்து தூர முனை நோக்கி அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வாட்டம் வரும்படி மண்ணைச் சீவச் சொல்லுங்கள். 30 அடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் இறங்கும். வாட்டம் களிமண்ணிலேயே இருக்க வேண்டும். மேலே போடும் ஜல்லியில் மட்டும் வாட்டம் வைத்துக் கீழே குண்டும் குழியுமாக விட்டால் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் தங்கும். சரிவு வீட்டுப் பக்கம் ஒருபோதும் திரும்பக் கூடாது, ஏனென்றால் கரிசல் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண். அஸ்திவாரத்தின் ஓரம் மாறி மாறி நனைவதும் காய்வதும் சுவரில் விரிசலாகத் தெரியவரும்.

தாழ்ந்த முனையில் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அதில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி, துளையிட்ட நான்கு அங்குல பிவிசி குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். துளைகள் மேலே இருந்தால்தானே தண்ணீர் உள்ளே போகும் என்று கொத்தனார் வாதாடுவார். தண்ணீர் அடியிலிருந்து நிறைந்துதான் மேலே ஏறுகிறது. துளை மேலே இருந்தால் குழாயின் உயரத்துக்குத் தேங்கிய பிறகே வடியத் தொடங்கும். குழாய்க்கும் வெளியேறும் பக்கம் நோக்கி அதே வாட்டம் வேண்டும். சுற்றிலும் ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடிவிடலாம்.

பின்னர் இடம் முழுவதும் அதே துணியை விரித்து, தூசி இல்லாத முக்கால் அங்குல ஜல்லியை நான்கு அங்குலமும், அதன்மேல் சிப்ஸ் (பொடி ஜல்லி) ஓர் அங்குலமும் பரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். துணிக்குப் பதிலாகப் பாலித்தீன் தாள் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தண்ணீரைத் தடுத்துவிடும். கிரஷர் தூளும் வேண்டாம், அது இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை, அப்போது மண் சேறாகவும் இருக்காது, வெடித்தும் கிடக்காது.

கேள்வி: இவ்வளவுக்குப் பதில் சிமெண்ட் தளம் போட்டு, அதன்மேல் விரித்துவிடலாமா?

பதில்: நல்ல வாட்டத்துடன் போட்ட தளம் செம்மண் பூமியில் நன்றாகவே உழைக்கும். கரிசலில் மெல்லிய தளம் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கி வெடிக்கும்; வெடித்த பின் வாட்டமும் மாறிவிடும். ஜல்லிப் படுகை அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும், எங்காவது இறங்கினால் புல்லைத் தூக்கிச் சிப்ஸ் போட்டு மட்டம் செய்துகொள்ளலாம். எதைப் போட்டாலும், புல்லை ஒட்டும் முன் மேட்டு மூலையில் ஹோஸ் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டு, மறுமுனையில் தண்ணீர் வருகிறதா என்று நின்று பாருங்கள். வராவிட்டால் அன்றைக்கே படுகையைக் கிளறிச் சரிசெய்துவிடலாம்.