கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஏஎம்டியின் ரைசன் 5600 பிராசசர் ஓடுமா? மதர்போர்டு பி450-யா, பி550-யா?

கார்டு வாங்குவது அடுத்த வருடம்தான் என்றால் 5600 வேண்டாம், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி எடுங்கள். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் திரையில் ஒன்றும் வராது.

போர்டு பி550. பி450 வந்தது 2018-ல், 5600ஜி 2021-ல். பழைய பயாஸுக்கு (போர்டைத் துவக்கும் மென்பொருள்) புதிய பிராசசரைத் தெரியாது. அதோடு கடையில் கிடந்த போர்டு கைக்கு வந்தால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிராசசர்தான் பழுது என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான். ஆரம்பகால பி550-லும் இது நடக்கலாம்.

வாங்கும் முன்:
1. போர்டு நிறுவனத்தின் தளத்தில், சிபியு (பிராசசர்) சப்போர்ட் பட்டியலில் 5600ஜி-க்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள்.
2. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள மாடலா? இருந்தால் கவலையே இல்லை. பிராசசர் மாட்டாமலே பென்டிரைவில் புதுப்பிக்கலாம்.

அப்புறம் ராம்: 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ராமின் வேகத்தைத்தான் நம்பியிருக்கிறது, இரண்டு குச்சி சேர்ந்தால் அது கூடும், வித்தியாசம் கேமில் கண்ணுக்கே தெரியும்.

ஒன்று மட்டும்: 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான், 5600-ல் 32. கார்டு போட்ட பிறகு கேமில் 5600தான் முந்தும். ஓரிரு மாதத்தில் கார்டு வாங்க முடியுமென்றால், பொறுத்திருந்து 5600-ஐயே எடுங்கள்.