பிழையான சிங்களம் போதும், மகள்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம், முதலாம் வருடம். எங்கள் பட்ச்சில் தமிழ் பேசுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்களத்தில் வாய் திறந்தால் சிரிக்கிறார்கள் என்று பேசுவதையே நிறுத்திவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு இருந்தால், என் பேச்சைத் "தோட்டத்துத் தமிழ்" என்கிறார்கள். வீட்டில் என்ன வேலை என்று கேட்டபோது, அப்பா கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். இப்போது யாரோடும் நெருங்கப் பயமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: படிப்பை விடாதீர்கள், மகள். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும். அங்கிருந்து விஞ்ஞான பீடம் வரை வந்த பிள்ளையை, நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காகத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.

முதலில் சிங்களம். சிரிக்கிற எல்லோரையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். சிரித்துவிட்டு உடனே "அப்படியில்லை நங்கி, இப்படிச் சொல்லணும்" என்று திருத்துகிறவர் உங்களுக்கு வேண்டியவர். நீங்கள் சொன்னதை அடுத்த நாள் கன்ரீனில் சொல்லிக் காட்டுகிறவரை விட்டுத்தள்ளுங்கள். நீங்கள் வாயே திறக்காவிட்டால் இவர் யார், அவர் யார் என்று தெரியவே போவதில்லை. பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவளுக்கு எங்களோடு சேர விருப்பமில்லை" என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

பேச்சைத் தொடங்க நல்ல இடம் குப்பி. பரீட்சை நெருங்கும்போது, பாடம் விளங்கிய ஒருவர் நடுவில் இருந்து பழைய வினாத்தாள்களைச் செய்துகாட்ட, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து படிக்கிற அந்தக் குப்பிதான். விஞ்ஞான பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் அங்கே உங்களைப் போலவே தடுமாறுகிறார்கள். கணிதமோ இரசாயனமோ, உங்களுக்கு நன்றாக வரும் பாடத்தில் ஒரு கணக்கைச் செய்துகாட்டுங்கள். பேனை கையில் இருந்தால் பேச்சு தானாக வரும், மொழி அரைகுறையாக இருந்தாலும். பட்ச் வட்ஸ்அப் குழுவில் எல்லாம் சிங்களத்தில் வந்தால், பரீட்சைத் திகதி, பிரக்டிகல் மாற்றம் போன்றவற்றை மட்டுமாவது ஆங்கிலத்திலும் போடச் சொல்லி பட்ச் ரெப்பிடம் கேளுங்கள். இது சலுகை இல்லை. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

இனி அம்மாவின் வேலை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்த இடம்தான். அதே சமயம், உங்களுக்கு அங்கே உறவு கிடைக்கக்கூடிய வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. தெனியாய, அக்குரஸ்ஸ பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் பட்ச்சில் இருப்பார்கள். அங்கே எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலையை வைத்துத்தான் வாழ்கின்றன. இந்த நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி இப்போது வருவது பெரிய தோட்டங்களிலிருந்து இல்லை, இப்படிப்பட்ட சிற்றுடைமைகளிலிருந்துதான். அந்த வீட்டு அம்மாவும் கொழுந்து பறிக்கிறார். பாதையோரத்தில் லொறி வரும்வரை சாக்கோடு காத்திருக்கிறார். கொழுந்து நனைந்திருக்கிறது என்று தண்ணீருக்குக் கிலோ கழிக்கும்போது வாய்க்குள் திட்டுகிறார். உங்கள் அம்மாவுக்குத் தராசடியில் நடப்பதும் இதுதானே? கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவது, அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் தருவது, என்றால் என்ன என்று ஒருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொல்லுவாள்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் காணி சொந்தம். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு இருக்கிற லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறைகூடச் சொந்தமில்லை. அந்த வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். "நீங்கள் இந்தியாவா?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். 200 வருடமாக இங்கேதான் இருக்கிறோம், 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 2003இல் வந்த சட்டம் வரை நாடற்றவர்களாகவே இருந்தவர்கள் உண்டு என்று சொல்லுங்கள். பலருக்கு உண்மையாகவே இது தெரியாது.

கடை பற்றிச் சொன்ன பொய்யை எல்லோர் முன்னாலும் போய்த் திருத்த வேண்டியதில்லை. நம்பிக்கை வந்த ஒருத்தியிடம் உண்மையைச் சொல்லுங்கள், போதும். அடுத்த தடவை யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சொன்னது இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும், நம் மொழிக்காரர் வாயிலிருந்து வந்ததால். அங்கே அவர்களும் சிறுபான்மைதான், வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்கள்தான். அதற்காக அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கூட்டத்தில் இல்லாமல், அவர்களில் கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிற ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, "அப்படிச் சொல்லாதீங்க அக்கா, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள மட்டும் முயலவே வேண்டாம். வெலிகம பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடும் பழகுங்கள். வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம் என்று சின்ன வயதிலிருந்தே வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

ஒன்று மட்டும் கவனம். உங்களுக்கு நடப்பது கேலியைத் தாண்டி மிரட்டலாகவோ, சீனியர்மாரின் பகிடிவதையாகவோ இருந்தால், மேலே நான் சொன்ன பொறுமையெல்லாம் அதற்குப் பொருந்தாது. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அன்றைக்கே மாணவ ஆலோசகரிடம் போங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள்.

இந்த வாரம் குப்பிக்குப் போய் உட்காருங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.