நுண்ணுயிர் கேள்வி–பதில்: முன்பகுதியைப் பாருங்கள்

சூடோமோனாஸ் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில், பைலஸ் என்ற மயிர்போன்ற இழையைக் கட்டும் பைலின் புரதத்தைத் தேடுகிறேன். வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் மென்பொருளில் போட்டால் தொடக்கத்து முப்பது எழுத்துகள் (அமினோ அமிலங்கள்) அச்சு அசலாகப் பொருந்துகின்றன; பிறகு ஒன்றுமே ஒட்டவில்லை. இது பைலின்தானா?
– முதுகலை மாணவி, பாளையங்கோட்டை

அந்தப் பொருத்தமே நல்ல அறிகுறி. நான்காம் வகைப் பைலின்களில் பெரும்பாலும் மாறாமல் நிற்பது முன்பகுதிதான். முதலில் கிளைசினில் முடியும் ஒரு சிறு துண்டு. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் அது 6 அமினோ அமிலம். பில்-டி நொதி அந்தக் கிளைசினை ஒட்டி வெட்டிவிட்டு, அடுத்துள்ள ஃபினைல்அலனைனில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும். வெட்டிய இடத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது குளூட்டமேட். பிறகு தண்ணீரை வெறுக்கும் எழுத்துகளாகவே ஓடும். இந்தப் பகுதி சுருளாகச் சுற்றியிருக்கும்; பைலஸின் நடுத்தண்டு இந்தச் சுருள்கள் நெருங்கி அடுக்கியதுதான். அதனால் இங்கே ஓர் எழுத்து பிசகினாலும் கட்டுமானம் பாதிக்கப்படலாம். மீதியுள்ள தலைப்பகுதியோ வெளியே தெரிவது. நம் எதிர்ப்பணுக்கள் பிடிப்பது அதைத்தான், எனவே அது இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே இருக்கும். அதன் பீட்டா தகட்டு அமைப்பு மட்டும் தங்கும்.

உறுதிசெய்ய, வரிசையை, முன்துண்டைக் கணிக்கும் சிக்னல்பி 6 மென்பொருளில் போட்டு மூன்றாம் வகை சிக்னல் வருகிறதா பாருங்கள். புரதக் குடும்பத் தரவுத்தளமான பிஃபாமில் இந்த முன்பகுதிக்கான பிஎஃப்07963 விழ வேண்டும். இரண்டிலும் ஒன்றும் வராவிட்டால் உடனே கைவிடாதீர்கள். தானியங்கி மென்பொருள் தொடக்கக் குறியீட்டைத் தள்ளிக் குறித்து, முன்துண்டையே விழுங்கியிருக்கலாம். மேலே இன்னொரு ஏடிஜி உண்டா என்று டிஎன்ஏவில் கண்ணால் தேடுங்கள்.

இன்னொரு பொறி: புரதங்களை வெளியே தள்ளும் இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பின் போலிப் பைலின்களுக்கும் இதே முன்பகுதி உண்டு. பக்கத்து மரபணுக்களைப் பார்த்தால் தெளியும். பைலஸைக் கட்ட உதவும் பில்-பி, பில்-சி, பில்-டி ஒட்டியிருந்தால் பைலின். அந்தச் சுரப்பு அமைப்பின் எக்ஸ்சிபி குடும்பத்துக்கு நடுவில் இருந்தால் போலி.

பைலினை ஈ. கோலையில் தயாரித்தால் எல்லாம் வண்டலாகப் போகிறது. என்ன செய்ய?
– ஆய்வு மாணவர், அபிஷேகப்பட்டி

முழு வரிசையையும் போட்டிருப்பீர்கள். வெட்டிய இடத்திலிருந்து முதல் 28 அமினோ அமிலங்களை நீக்கிவிட்டுத் தலையை மட்டும் தயாரியுங்கள். வரிசையின் கடைசிப் பகுதியில் இரண்டு சிஸ்டீன்கள் (சூடோமோனாஸின் பிஏகே விகாரத்தில் 129, 142-ஆம் இடங்கள்) கந்தகப் பாலத்தால் கட்டியிருக்கும். செல்லின் உள்ளே அந்தப் பாலம் சரியாக விழாது. இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசத்துக்கு அனுப்பும் சிக்னலோடு வெளிப்படுத்துங்கள், அல்லது செல்லுக்குள்ளேயே பாலம் கட்டவல்ல ஷஃபிள் என்ற ஈ. கோலை விகாரத்தில் முயலுங்கள். சுத்திகரிக்கும் பஃபரில் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் வேண்டவே வேண்டாம். இவை பாலத்தை அறுத்துவிடும், மடிப்பும் குலையலாம்.

கத்தரிச்செடி பச்சையாக இருக்கும்போதே வாடிச் சாய்கிறது. இதற்கும் பைலஸுக்கும் சம்பந்தம் உண்டா?
– விவசாயி, பாவூர்சத்திரம்

உண்டு. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவாக இருந்தால், அது இந்தப் பைலியால் (பைலஸின் பன்மை) பரப்பில் ஒட்டி இழுத்து நகரும். பைலி இல்லாத விகாரங்களால் செடியை அந்த அளவு வாட்ட முடிவதில்லை. முதலில் நோயை உறுதிசெய்யுங்கள். தண்டைத் தரையோரம் அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளை நூல்போல ஒழுகி இறங்கினால் பாக்டீரியா. இறங்காவிட்டால் பூஞ்சை வாடலோ வேறு காரணமோ இருக்கலாம். பாக்டீரியா என்று உறுதியானால் செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வரப்பைக் கட்டுங்கள். அடுத்த போகம் தக்காளியோ மிளகாயோ வைக்காமல் நெல்லோ மக்காச்சோளமோ போடுங்கள்.