வாங்கும் முன்: ஈயத் தோட்டாவுக்குப் பதில் எதை வாங்குவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷாட்கன் தோட்டா பற்றியவை. ஷாட்கன் சுடுவது ஒற்றைக் குண்டை அல்ல, 'ரவை' எனும் சிறு உலோக மணிகளை. ஈய ரவைத் தோட்டாவை விற்பதையும் சுடுவதையும் தடை செய்யப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம். அதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர்கள், வேட்டை இறைச்சி வாங்குகிறவர்கள் இரு தரப்பிலும் குழப்பம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கடையில் ஈயத் தோட்டா தள்ளுபடியில் போகிறது. தடை வருவதற்குள் இரண்டாயிரம் வாங்கி அடுக்கிவிடலாமா?
— வாசகர், லிங்கன்ஷயர்

வேண்டாம். தடை விற்பதற்கு மட்டுமல்ல, சுடுவதற்கும்தான். அவகாசம் முடிந்த மறுநாள் உங்கள் அலமாரியில் இருப்பது எதற்கும் உதவாத சரக்கு. தவிர, வாத்தையும் கூஸையும் ஈயத்தால் சுடுவது இங்கிலாந்தில் 1999 முதலே குற்றம். அதனால் அவகாசம் இருக்கும்போதுகூட எல்லா இடத்திலும் அதை எடுத்துப்போக முடியாது. கடைக்காரர் ஏன் விலையைக் குறைத்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அவர் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார். அந்தப் பணத்தில் எஃகுத் தோட்டா இரண்டு மூன்று வகை, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். பெரிய தாள் கட்டிச் சுட்டு, உங்கள் துப்பாக்கியில் எது சீராகப் பரவுகிறது என்று பாருங்கள்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தன் பழைய இரட்டைக் குழல் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார். "எஃகு சுட்டால் குழல் போய்விடும், விற்றுவிடு" என்கிறார்கள் கிளப்பில். விற்கவா, ஐயா?
— வாசகர், நார்ஃபோக்

அவசரப்படாதீர்கள். இப்படிப் பயந்துபோய் நல்ல துப்பாக்கிகளை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. குழலின் வாய்ப்பக்கம் குறுகலாக இருக்கும், அதுதான் சோக். ஈயம் மெத்தென்றது, அந்தக் குறுகலில் நசுங்கி வளைந்து போய்விடும். எஃகு நசுங்காது. 'ஃபுல் சோக்' எனும் மிகக் குறுகலான வாயில் பெரிய எஃகு ரவையைச் சுட்டால் குழல் வாய் அருகே வளையம்போல வீங்கலாம். சோக் 'ஹாஃப்' அளவைவிடக் குறுகலாக இருந்தால் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

அடுத்து, எஃகுத் தோட்டாவில் இரண்டு ஜாதி. 'ஸ்டாண்டர்டு ஸ்டீல்' சாதாரண நைட்ரோ முத்திரை (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம்) உள்ள துப்பாக்கி தாங்கும் அழுத்தத்துக்குள் செய்யப்படுவது. 12 போரில் அதன் ரவை 3.25 மிமீக்கு மேல் இருக்காது. 'ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல்' அழுத்தம் கூடியது. லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள ப்ரூஃப் ஹவுஸ் எனும் துப்பாக்கிச் சோதனை நிலையத்தில் எஃகுக்கென்று சோதித்து, லில்லிப்பூ முத்திரை குத்திய துப்பாக்கிக்கு மட்டும்தான் அது. பெட்டியில் எந்த ஜாதி என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

முதல் வேலையாகத் துப்பாக்கியைக் காட்டி, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் பகுதி) நீளம், சோக், குழல் சுவரின் கனம் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். சுவர் மெலிந்திருந்தாலோ பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலாக இருந்தாலோ எஃகை மறந்துவிடுங்கள். அப்போது பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை இருக்கிறது. ஈயத்தைப்போலக் குழலுக்கு மிருதுவானது, விலைதான் எஃகைவிடப் பல மடங்கு. வேட்டைப் பருவத்துக்குச் சில பெட்டி சுடுகிறவருக்கு அந்தச் செலவு புதுத் துப்பாக்கி வாங்குவதைவிடக் குறைவு.

எஃகு வாங்கினால் ரவை அளவையும் மாற்ற வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், எஃகு 7.8 கிராம்தான். எடை குறைவதால் வேகம் சீக்கிரம் விழும். அதை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவை எடுப்பது வழக்கம்: ஈயத்தில் 6 என்றால் எஃகில் 4 (எண் குறையக் குறைய ரவை பெரிது). இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் 4 என்பது 3.1 மிமீ, அமெரிக்க 4 என்பது 3.3 மிமீ. எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

என் துப்பாக்கி 65 மிமீ சேம்பர். 70 மிமீ தோட்டா சரியாக உள்ளே போகிறது. 5 மிமீதானே, சுடலாமா?
— வாசகர், கென்ட்

கூடாது.

ஒரு கடையில் பழைய துப்பாக்கி வாங்கினேன். விளம்பரத்தில் 'ஸ்டீல் ப்ரூஃப்' என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து ரிப்பேர் செய்பவர் பார்த்துவிட்டு லில்லி முத்திரையே இல்லை என்கிறார். கடைக்காரரோ "எல்லாரும் சுடுகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, ஷ்ராப்ஷயர்

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. விளம்பரத்தில் எழுதியதை நம்பி வாங்குவது வாங்குகிறவரின் உரிமை.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கடையில் வாங்கிய பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மூன்று வாரம் போய்விட்டது, அதனால் இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசி நாளைக் கடத்த விடாதீர்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், அது சீக்கிரம் காணாமல் போகும். ரிப்பேர் செய்பவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் என்றால் கார்டு நிறுவனத்துக்கும் சம பொறுப்பு உண்டு, அவர்களிடமும் கேளுங்கள். பணம் வரும்வரை அதில் ஒரு எஃகுத் தோட்டாகூடச் சுட வேண்டாம்.

எனக்கும் இந்த வகை வியாபாரி ஒருவர் அமைந்தார். எஃகுக்கு ஏற்றவை என்று சொல்லித் திருகு சோக்குகள் விற்றார். முதல் பருவத்திலேயே ஒன்று குழலில் வீங்கிச் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றக் கொடுத்த கூலி சோக்கின் விலையைவிட அதிகம். எழுத்தில் எதுவும் இல்லாததால் ஒரு காசு திரும்பவில்லை. அதனால்தான் எழுத்து, எழுத்து என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

இணையத்தில் மலிவாகப் பிஸ்மத் தோட்டா வாங்கினேன். உள்ளே ஈயமோ என்று சந்தேகம். கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், சஃபோக்

முடியும். துப்பாக்கிக் கடையில் ஒரு தோட்டாவைத் திறந்து ரவையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். காந்தம் இழுத்தால் எஃகு. ஈயத்தையும் பிஸ்மத்தையும் காந்தம் இழுக்காது, அவற்றைக் குறட்டால் நசுக்குங்கள். ஈயம் தட்டையாகும், பிஸ்மத் நொறுங்கும். செம்பு, நிக்கல் முலாம் பூசிய ஈயமும் சந்தையில் உண்டு. முலாம் பூசினாலும் அது ஈயம்தான்.

கறிக்கடையில் ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை வாங்கி, புளி விட்டுக் குழம்பு வைத்தேன். ரவை பல்லில் அகப்பட்டது. மகள் கர்ப்பமாக இருக்கிறாள், அவளும் சாப்பிட்டாள். "காட்டுப் பறவை, சுத்தமானது" என்று சொல்லித்தான் விற்றார்கள்.
— வாசகி, ரெடிங்

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கலங்க வேண்டாம். அடுத்த முறை மிட்வைஃபைப் பார்க்கும்போது மகள் சொல்லிவிடட்டும். பிரசவம் வரைக்கும், பிள்ளை வளரும் வரைக்கும் ஈயத்தால் சுட்ட இறைச்சி வீட்டுக்குள் வர வேண்டாம். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2012-இலேயே சொல்லிவிட்டது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை, வளரும் மூளைக்குத்தான் அதிகக் கேடு.

ரவையைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. எலும்பில் பட்ட ஈயம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சதைக்குள் சிதறும். புளிப்பு அதை இன்னும் கரைக்கும். காடையை வினிகரில் சமைத்துப் பார்த்த ஆய்வில் ஈயம் கூடுதலாக இறைச்சியில் இறங்கியது தெரிந்தது. நம் குழம்பில் புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை என்று எதையாவது சேர்க்காமல் இருப்பதில்லையே.

இப்போது என் நெடுநாள் ஆத்திரத்தைச் சொல்கிறேன். எந்த உலோகத்தால் சுட்டது என்று இறைச்சிப் பொட்டலத்தில் ஏன் எழுதக்கூடாது? நிலக்கடலை இருக்கிறதா என்று எழுதுகிறோம். மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று எழுதுகிறோம். நரம்பைக் கெடுக்கும் நஞ்சைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. 2020 பிப்ரவரியில் ஒன்பது வேட்டை, நாட்டுப்புற அமைப்புகள் சேர்ந்து ஐந்தாண்டில் தாமாகவே ஈயத்தை விடுவதாக அறிவித்தன. அந்த ஆண்டுப் பருவத்தில் ஆய்வாளர்கள் கடைகளிலிருந்து வாங்கிய ஃபெசன்ட்களில் ரவை கிடைத்த 180 பறவைகளைச் சோதித்தார்கள். 179-இல் இருந்தது ஈயம். கேட்டு வாங்க வாங்குகிறவருக்கு வழியே இல்லாதபோது மாற்றம் எப்படி வரும்? வெயிட்ரோஸ் மாதிரி ஒரு பெரிய கடை, ஈயமில்லாத வேட்டை இறைச்சியை மட்டும் விற்போம் என்று 2019-இல் அறிவித்தபோதுதான் வியாபாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தோட்டாப் பெட்டியிலும் இதே கதை. பச்சை நிறம், இலைப்படம், பெரிய எழுத்தில் 'எக்கோ'. நான் அப்படி ஒரு பெட்டியை வாங்கி வந்து, உடைத்த பிறகு பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஈயம் என்று கண்டேன். மட்கக்கூடியது உள்ளே ரவையைத் தாங்கும் வாட் மட்டும்தான். உடைத்த பெட்டி என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. வாட் மட்கும், ஈயம் மண்ணில் கிடக்கும், அதற்கு இலைப்படம். உலோகத்தின் பெயர் பெட்டியின் முகப்பில், கம்பெனிப் பெயர் அளவுக்கு இருக்க வேண்டும் என்று நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

நீங்கள் கறிக்கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த ரவையால் சுட்டது?" பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

வாத்து வேட்டையில் வார்டன் (வேட்டைக் காவலர்) சோதித்தார். நான் சுட்டதெல்லாம் எஃகு. கோட்டுப் பையில் புறா வேட்டையில் மிஞ்சிய இரண்டு ஈயத் தோட்டா இருந்ததற்கு அபராதம்! இது அநியாயம் இல்லையா? தவிர, எஃகில் பறவை விழவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், டெக்சாஸ்

அநியாயம் இல்லை. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் நாடு முழுக்க 1991 முதல் தடை. சுடுவது மட்டுமல்ல, வேட்டையின்போது கையில் வைத்திருப்பதே குற்றம். விதிப்புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. பையைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

விதி எதற்கு என்று தெரிந்தால் கோபம் குறையும். வாத்து இரை அரைக்கச் சிறு கல் விழுங்கும். கறிக்கடையில் கந்தனக்காய் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தசைப்பையில் கல்லோடு சேர்ந்து ஈய ரவையும் அரைபட்டு இரத்தத்தில் கலக்கும். சுடாத பறவை வாரக்கணக்கில் வாடிச் சாகும். பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 நீர்ப்பறவைகள் இப்படிச் சாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எஃகில் விழவில்லை என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. டெக்சாஸில் புறா வேட்டைக்காரர்களுக்கு எது ஈயம், எது எஃகு என்று சொல்லாமல் தோட்டா கொடுத்துச் சோதித்தார்கள். விழுந்த பறவைக் கணக்கில் வித்தியாசம் இல்லை. தூரத்தைக் குறையுங்கள், 30, 35 கெஜத்துக்குள் வரும்வரை பொறுங்கள். பருவம் தொடங்கும் முன் பறக்கவிடும் களிமண் தட்டுகளை எஃகாலேயே சுட்டுப் பழகுங்கள்.

டென்மார்க்கில் 1996 முதல் ஈய ரவை இல்லை. 2024 ஏப்ரல் முதல் ரைஃபிள் குண்டிலும் இல்லை. வேட்டை நின்றுவிடவில்லை. பிரிட்டனில் ஏன் இத்தனை கூச்சல்?
— வாசகர், டென்மார்க்

அங்கே எல்லாரும் ஒரே சட்டத்தில் மாறினார்கள். கடையில் வேறு சரக்கே இல்லாததால் தயாரிப்பாளர்கள் நல்ல எஃகுத் தோட்டா செய்தார்கள். இங்கே ஈயம் பக்கத்திலேயே மலிவாகக் கிடக்கும்வரை யாருக்கும் அவசரம் வரவில்லை.

தோட்டக் கொட்டகையில் வைத்த பழைய எஃகுத் தோட்டாக்கள் ஈரத்தில் துருப்பிடித்துவிட்டன. ஆட்டினால் சத்தமே வரவில்லை. சுட்டுத் தீர்த்துவிடலாமா, குப்பையில் போடலாமா?
— வாசகர், கம்பிரியா

இரண்டும் வேண்டாம். துருவில் ரவைகள் ஒட்டி ஒரே கட்டியாகியிருக்கும். அப்படியே சுட்டால் குழலுக்கும் ஆபத்து, எதிரே தொலைவில் நிற்பவருக்கும் ஆபத்து. வாங்கிய துப்பாக்கிக் கடையைக் கூப்பிட்டு, அழிக்க எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் உள்ளூர்ப் போலீஸின் துப்பாக்கி உரிமப் பிரிவைக் கேளுங்கள். புதிதாக வாங்குவதை வீட்டுக்குள், உலர்ந்த இடத்தில் பூட்டி வையுங்கள்.